சாப்பிடப் போன சட்டமன்ற உறுப்பினருக்கு

என் சாயங்காலச் சாப்பாட்டுக் கூட்டாளி தன்யகுமாருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது என்று தெரியும். நீ பதவியில் இருந்தபோது நான் எழுதிய கடிதங்களும் உனக்குக் கிடைத்ததில்லை. உன் பி.ஏ. அவற்றைப் பிரிக்காமலே ஏதாவது ஒரு துறைக்கு அனுப்பிவிடுவார். ஒருமுறை உன் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்துக்குப் பொதுப்பணித் துறையிலிருந்து பதில் வந்தது. ஆகவே இதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் மாத இதழில் இடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் படிக்கட்டும்.

மாலை ஐந்தரை மணி. வெயில் இன்னும் எதிர்வீட்டு மாடியில்தான் இருக்கிறது. என் முன்னால் ஹாட்பேக்கில் நாலு சப்பாத்தி. மருமகள் காலையில் செய்து மூடிவிட்டு வேலைக்குப் போனாள். அவளும் பையனும் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறார்கள், கம்பெனி பஸ்ஸில் போய் ஒன்பது மணிக்குத் திரும்புகிறார்கள். "எல்லாரும் சேர்ந்து ஒம்பது மணிக்குச் சாப்பிடலாமே அப்பா, எதுக்கு இப்படித் தனியா?" என்று பையன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஐந்தரைக்குப் பசிக்கிறது. இது நீ பழக்கிவிட்ட பசி. போகும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

இதழைப் படிக்கிற இளையவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். சட்டமன்றத்தில் ஒரு முழுப் பதவிக்காலம் நீ அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தாமலுக்குப் பக்கத்துக் கிராமத்து நயினார் வீட்டுப் பையன் நீ. நெல்லும் மணிலாக்கொட்டையும் வாங்கி விற்ற குடும்பம், பரம்பரைச் சமணர்கள். நான் சின்ன காஞ்சிபுரத்து வைணவன். பள்ளிக்கூடத்தில் நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பொழுது சாய்ந்தபின் உங்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் போடுவதில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். விளக்கு வெளிச்சத்தில் பூச்சி விழுந்து சாகும், அதைத் தின்றுவிடுவோம், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இதற்குமேல் அஷ்டமியிலும் சதுர்த்தசியிலும் பட்டினி வேறு. என்ன மதமடா இது என்று கேட்டேன். "பூச்சிக்கும் ஓட்டு இருக்குன்னு நெனச்சுக்கோ" என்றாய். அப்போதே உனக்கு அரசியல் வாய்தான்.

உனக்குக் கட்சி டிக்கெட் கிடைத்த கதை ஊரறிந்தது. தொகுதியில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒருவர் நிறுத்துகிற ஆளை மற்றவர் தோற்கடிப்பார். மாவட்டச் செயலாளர் யோசித்தார். உன் சனங்களின் ஓட்டு மொத்தமும் ஒரு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடும், ஆகவே உன்னைக் கண்டு யாரும் பயப்படப் போவதில்லை. எல்லாருக்கும் பிடித்தவன் என்பதால் உன்னை நிறுத்தவில்லை. யாருக்கும் பிடிக்காதவன் ஆவதற்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதால் நிறுத்தினார்கள்.

பிரசாரம் சூடு பிடிப்பது சாயங்காலம். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓய்ந்து ஆட்கள் தெருவுக்கு வருகிற நேரத்தில் வேட்பாளரைக் காணோம். ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு அம்மா கட்சிக்காரரிடம் விசாரித்ததை நானே காதால் கேட்டேன்.

"ஓட்டு கேக்க வந்தவரு எங்கபா?"

"வேன்ல சாப்ட்டுக்கினு இருக்காரும்மா."

"இந்நேரத்துக்கா? எங்க ஊட்ல மத்தியான சோறே இப்ப தான் எறங்குது. பாவம், எப்ப சாப்ட்டாரோ. நல்லா சாப்புட சொல்லு."

அந்தத் தெருவில் உனக்கு நிறைய ஓட்டு விழுந்தது. பசியோடு அலைகிற வேட்பாளர் என்று பேராகிவிட்டது. உண்மையில் தொகுதியிலேயே வேளை தவறாமல் சாப்பிட்ட ஒரே ஆள் நீதான்.

உன் கன்னிப் பேச்சைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கேட்டேன். தலைவருக்கு நன்றி, தலைவரைப் பெற்ற தாய்க்கு நன்றி, பேரவைத் தலைவருக்கு நன்றி, வெற்றியைத் தந்த மக்களுக்கு நன்றி என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக "எங்கள் காஞ்சிபுரத்தில்" என்று நீ ஆரம்பித்தபோது மணி அடித்தது. அமருங்கள் என்றார்கள். அமர்ந்தாய். நான் தமிழாசிரியன், சும்மா இருக்க முடியுமா? 'நம் உறுப்பினர் பேரவையில் காஞ்சிபுரத்தை ஏழாம் வேற்றுமையில் குறிப்பிட்டார்' என்று என் நாலு பக்கப் பத்திரிகையில் பாராட்டி எழுதினேன். நீ அதை வெட்டி உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாய்.

அடுத்து ஏரி. உங்கள் ஊர் ஏரியில் மதகு ஒழுகியது. அதைப் பற்றி முறைப்படி கேள்வி கொடுத்தாய். மதகு பழுதடைந்திருப்பதை அரசு அறியுமா? ஆம் எனில், எப்போது சரிசெய்யப்படும்? பல மாதம் கழித்து அச்சடித்த பதில் வந்தது. முதல் கேள்விக்கு, இல்லை. இரண்டாவது கேள்விக்கு, எழவில்லை.

அன்று ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே எனக்கு விளக்கம் சொன்னாய். "மதகு ஒழுகறது தவளைக்குக் கூடத் தெரியுது. அரசுக்குத் தெரியலையாம். தெரியாததால ரெண்டாவது கேள்வி பொறக்கவே இல்லையாம்டா. எவ்ளோ சுத்தமான பதில் பாரு. இத எழுதனவன் பெரிய ஞானி." அன்றிலிருந்து அது உன் சொல்லாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ரசம் போடட்டுமா என்று உன் மனைவி பத்மா மன்னி கேட்டால், "எழவில்லை." அடுத்த தேர்தலில் நிற்பாயா என்று கேட்டால், "எழவில்லை." பதில் சொல்லப் பிடிக்காத எதற்கும் உனக்கு அந்த ஒரு கதவு போதுமாக இருந்தது.

காலையில் நடக்கும் சட்டமன்றத்தால் உனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் எல்லாம் இருட்டியபின் வந்தது. நம் நாட்டில் அரசியலின் பெரும்பகுதி ராத்திரிச் சாப்பாட்டில் நடக்கிறது என்பது உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. யார் யாரோடு உட்கார்ந்தார், யார் பரிமாறியதை யார் தொடவில்லை, யார் பாயசத்துக்கு முன்னால் எழுந்து போனார் என்பதிலிருந்து மந்திரிசபைகள் பிறக்கின்றன. நீயோ சட்டமன்றக் குழுவோடு சுற்றுப்பயணம் போனால் ஐந்தரைக்கு வேனை ஓரங்கட்டச் சொல்லி டிபன் கேரியரைத் திறப்பாய். மற்றவர்கள் பத்து மணி விருந்தில் பேசி முடித்த சங்கதி எல்லாம் மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் உனக்குத் தெரியும். 'டிபன் கேரியர் எம்.எல்.ஏ.' என்று பேர் வைத்தது நான். அதை ஊர் எடுத்துக்கொண்டதில் எனக்கு எழுத்தாளன் என்ற முறையில் ஒரு திருப்தி இருந்தது.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். இதழைப் படிக்கிறவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து வெளியே போனால் அது பிளவு. ஒரு தலை குறைந்தாலும் அது தாவல். தாவினால் பதவி போகும், பிளந்தால் பதவி வரும். உன் கட்சியில் ஒரு பெரியவர் பிளக்கத் தயாரானார். அவர் இப்போது வேறு கட்சியில் வேறு நன்றியோடு இருக்கிறார், பேர் வேண்டாம். அவருக்கு ஒரு தலை குறைந்தது. அந்தத் தலை உன்னுடையது. ஆட்சி கவிழ்ந்து புதுசு வந்தால் உனக்குக் கைத்தறித் துறை என்று சொல்லி அனுப்பினார்கள். காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கைத்தறி. ஆசை காட்டத் தெரிந்தவர்கள்தான்.

கடற்கரைச் சாலையில் ஒரு பங்களா. மத்தியானமே போய்விட்டாய். ஏழு மணிக்குப் பந்தி. பந்தி முடிந்ததும் கை கழுவிவிட்டுக் கையெழுத்து. கட்சியைக் கை கழுவுவதற்கு இதைவிட முறையான ஏற்பாடு இருக்க முடியாது. ஐந்து மணிக்கு நீ எழுந்து, "பொழுது சாயுது, நான் சாப்பிடப் போறேன்" என்றாய். உன் பழக்கம் எல்லாருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை. காரில் டிபன் கேரியர் இருக்கும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தார்கள். நீ காரிலேறிக் காஞ்சிபுரம் வந்துவிட்டாய்.

பந்தியில் ஓர் இடம் காலி. பிளவு தாவலாகிவிடுமே என்று மற்றவர்கள் பயந்து, சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்தைப் போடாமல் கலைந்தார்கள். ஆட்சி பிழைத்தது. பிளக்கப் போனவர்கள் உன்னை மன்னிக்கவில்லை. கட்சித் தலைமையும் மன்னிக்கவில்லை, மத்தியானம் அங்கே போனவன்தானே என்றது. அடுத்த தேர்தலில் உனக்கு டிக்கெட் இல்லை. அதற்கப்புறம் சாகும்வரை நீ 'மேனாள்'.

நான் என்ன செய்வேன்? 'மந்திரி பதவியைத் தின்ற உப்புமா' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். மறுநாள் நீயே வீட்டுக்கு வந்தாய். "டேய் சம்பத்து, உப்புமா இல்லடா. தயிர் சோறு. தப்பா எழுதாத" என்றாய். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டேன். என் பத்திரிகையின் வாழ்நாளில் நான் வெளியிட்ட ஒரே திருத்தம் அது.

பதவி போனதும் உன் வீட்டு வாசலில் செருப்பு குறைந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. இதற்குள் என் மனைவி காலமாகிவிட்டாள். ஐந்தரை மணிக்கு ராச்சாப்பாடு சாப்பிட ஊரில் இன்னொரு ஆள் கிடைக்காது என்று நீ என்னைக் கூப்பிட்டாய். பெரிய காஞ்சிபுரத்தில் உன் வாடகை வீட்டுக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வருஷக் கணக்கில். மன்னி பரிமாறிவிட்டு, வெளிச்சம் போவதற்குள் தானும் சாப்பிடுவார். நான் உன்னைக் கிண்டல் செய்வேன். நீ எனக்கு இரண்டாம் தரம் குழம்பு ஊற்றுவாய். இதைவிட நல்ல ஆட்சியை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷங்களில் எத்தனையோ முறை கேட்டேன். அன்று நீ தெரிந்துதான் எழுந்து வந்தாயா, இல்லை நிஜமாகவே பசியா? வெளியே நான் சிரிப்பதற்காகக் கேட்பது போல இருக்கும். ஆனால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும் தன்யா. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நல்லவனா, அல்லது வெறுமனே நேரம் தவறாதவனா? நீ மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "எழவில்லை" என்பாய்.

பிறகு ஒருநாள் காலை நீயே எழவில்லை. மன்னி போனில் சொன்ன சொல்லும் அதுதான். "அண்ணா, அவரு எழுந்துக்கல."

நீ இல்லாத ஒரு வருஷத்துச் செய்திகள் அதிகமில்லை. தங்க நாற்கரச் சாலைக்காக உங்கள் ஊர் நிறுத்தத்தை இடித்துவிட்டார்கள், உன் தொகுதி நிதியில் நீ கட்டிய நிழற்குடையும் போயிற்று. உன் பேர் பொறித்த கல்லை டீக்கடைக்காரர் எடுத்து வாசலில் படியாகப் போட்டிருக்கிறார். எழுத்து உள்பக்கமாக இருப்பதால் உன் பேர் மிதிபடவில்லை. மரியாதை தெரிந்தவர். மதகு இன்னும் ஒழுகுகிறது, ஆனால் ஏரியில் தண்ணீர் இல்லாததால் தொந்தரவில்லை. பட்டுக் கடைகளுக்கு வெளியூர் பஸ்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. என் பத்திரிகையை நிறுத்திவிட்டேன். கிண்டல் செய்வதற்குப் புதிய ச.ம.உ. இருக்கிறார்தான். ஆனால் அவர் கோபப்படுகிறார்.

போன மாதம் சரவணன் என்று ஒரு பையன் வந்தான். உன் பழைய கட்சியின் வட்டச் செயலாளர், பிள்ளையார்பாளையம். உன் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடத்தப் போகிறார்களாம். ஒரு வருஷம் உன்னை நினைக்காதவர்களுக்குத் திடீரென்று ஏன் நினைவு வந்தது என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"எலக்சன் வருதுல்ல சார். நம்ம கட்சியில வெல போகாத ஆளு ஒருத்தரு வேணும்னு மேல கேட்டாங்க. உயிரோட இருக்கறவங்க யாரையும் சொல்ல முடியல. அண்ணன் தான் கரெக்டா வராரு."

செல்போனில் பேனரின் படத்தைக் காட்டினான். நீ கை கூப்பிக்கொண்டிருக்கிறாய். பின்னால் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. கீழே, 'விலைபோகாத வேங்கை.'

"ஏம்பா, அவன் முட்டை கூடச் சாப்பிட மாட்டானே. வேங்கையா?"

"எதுகைக்குப் போட்டது சார்."

"இது எதுகை இல்லை, மோனை."

"ரெண்டும் ஒண்ணு தானே சார். பிரிண்ட்டுக்குப் போய்ட்டுது."

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"ஆறு சார். தலைவருங்க வர ஏழு ஆவும். முடிஞ்சதும் டின்னர் இருக்குது."

"அவன் இருந்தால் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவே மாட்டான்."

"அவரு தான் இல்லியே சார்" என்றான். அவன் மேல் தப்பில்லை. தகவல் சரிதான்.

நான் பேச ஒப்புக்கொண்டேன். அந்தப் புலியின் வாலை நானே பிடித்து இழுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவன் வேங்கையும் இல்லை, விலைபோகாதவனும் இல்லை. விலை பேசி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று மேடையில் சொல்லிவிடலாம். உன்னை நீயாக விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் மன்னி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை என்று ஒரு மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன்.

மன்னி கூடத்தில் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு சாப்பிட்டது?"

"அவன்தான் மன்னி. அன்னிக்கு. பங்களாவிலிருந்து சாப்பிடறதுக்காக எழுந்து வந்தானே."

"அன்னிக்கு சதுர்த்தசிண்ணா. மறுநாள் பௌர்ணமி. நாங்க ரெண்டு பேருமே நோன்பு. அவரு தண்ணி கூடத் தொடல."

மன்னியின் விரல்கள் பருப்பில் ஓடிக்கொண்டிருந்தன.

"பொழுது போய் வீட்டுக்குள்ள வந்தாரு. நாளைக்குத் தானே வரேன்னீங்க, என்னாச்சுன்னு கேட்டேன். சாப்பிட வந்தேன்னாரு. நோன்பு அன்னிக்கு என்ன சாப்பாடுன்னு கேட்டேன். 'ஊருக்குச் சாப்பாடு, உனக்கு நோன்பு. யார் கேட்டாலும் சாப்பிட வந்தாருன்னே சொல்லு'ன்னுட்டு அந்த ஜன்னலாண்ட போய் உக்காந்துட்டாரு. ரொம்ப நேரம் உக்காந்துக்கினு இருந்தாரு."

ஊரில் எல்லாருக்கும் உன் சாப்பாட்டு நேரம் தெரியும். உன் பட்டினி நாள் யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்த பட்டினி ஏகாதசி மட்டும்தான். உன் சதுர்த்தசியை ஆறாம் வகுப்பில் கேட்டு, சிரித்து, மறந்துவிட்டேன். மாதத்தில் சில நாள் நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாய். அன்று என்ன திதி என்று நான் பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. அந்த பங்களாவிலும் ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கணக்குப் போட்டவர்கள் திதியைக் கணக்குப் போடவில்லை.

அப்படியானால் நீ தெரிந்துதான் எழுந்து வந்திருக்கிறாய். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடை போட்டுச் சொல்லியிருக்கலாம். கைத்தட்டல் கிடைத்திருக்கும், ஒருவேளை டிக்கெட்டும் கிடைத்திருக்கும். நீயோ வெறும் வயிற்றோடு சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதோடு விட்டாயா? மறுநாள் என் வீட்டுக்கு வந்து, உப்புமா இல்லை தயிர் சோறு என்று திருத்தம் வேறு கேட்டாய். எந்தச் சோறு தன்யா? எந்தத் தயிர்?

உன் மேல் எனக்குக் கோபம். ஊரை ஏமாற்று, கட்சியை ஏமாற்று. என்னை எதற்கு ஏமாற்றினாய்? வாயைத் திறந்து மன்னியிடமே கேட்டுவிட்டேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மன்னி."

"நான் சொன்னேண்ணா. சம்பத்து அண்ணா கிட்டயாவது சொல்லுங்க, பாவம், தப்பா எழுதிக்கினு இருக்காருன்னு." மன்னி ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். "அவரு கேக்கல. 'அவன் கிட்டச் சொன்னா என்ன நல்லவன்னு எழுதிடுவான். அப்பறம் வந்தா மரியாதையா உக்காருவான். மரியாதையா உக்கார்றவன் கூட எப்படிச் சாப்பிடறது'ன்னாரு."

பருப்பு சுத்தமாகிவிட்டது. மன்னி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நீ சொன்னது சரிதான். எனக்கு நல்லவர்களோடு பழக்கமில்லை. அவர்கள் எதிரே வந்தால் நான் எழுந்து நின்று, இரண்டு வார்த்தை பேசி, அனுப்பிவிடுவேன். உன்னையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன். அதற்காக நீ அத்தனை வருஷமும் என் முன்னால் சோற்றுக்கு ஆசைப்பட்ட ஆளாக உட்கார்ந்திருந்தாயா? அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்? நான் ஒவ்வொரு தடவை டிபன் கேரியர் என்று சொன்னபோதும் உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

கூட்டம் நடந்தது. ஆறு மணி ஏழரை ஆயிற்று. வந்த தலைவர்கள் தங்கள் தலைவர்களுக்கு நன்றி சொன்னார்கள். பொன்னாடைகள் போர்த்தினார்கள். உன் படத்துக்கும் ஒன்று போர்த்தினார்கள், அது புலியையும் சேர்த்து மூடிவிட்டதால் கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் முறை வந்தபோது சரவணன் காதருகில் வந்து, "சுருக்கமா சார், டின்னர் ஆறுது" என்றான்.

பேனரைத் திரும்பிப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு பேனர் உண்மை சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் அது அறியாமல் சொன்னது. நையாண்டி எழுதுகிறவனுக்கு இதைவிட மோசமாக ஒன்று நேர முடியாது. உண்மையை அங்கே சொன்னால் உன் பட்டினியும் அவர்கள் தேர்தல் அறிக்கையில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பழைய கதையையே சொன்னேன். விலை பேசி முடிவதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, எங்கள் உறுப்பினர் போய்விட்டார், தயிர் சோறு. எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் மன்னியும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அதே தலைப்பால்தான்.

இறங்கி வந்ததும் மன்னியிடம் சொன்னேன். "இந்த விஷயம் நம்மோட இருக்கட்டும்."

"வேணாம்ணா" என்றார். "எழுதிடுங்க. இப்ப அவரு யார் கூடயும் உக்காந்து சாப்பிடப் போறதில்லையே."

அதனால் எழுதிவிட்டேன். நீ நல்லவன் தன்யகுமார். அச்சில் வந்துவிட்டது. இனி உன்னால் திருத்தம் கேட்க முடியாது.

எழுதி முடித்தால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கிண்டல் செய்வதற்கு ஓர் ஆள் இருந்தான், அவனும் இப்போது போய்விட்டான். ஒரு வருஷத்துக்குள் நீ எனக்கு இரண்டாவது தடவை செத்திருக்கிறாய். சப்பாத்தி ஆறிவிட்டது. வெயில் எதிர்வீட்டு மாடியிலிருந்தும் இறங்கிவிட்டது.

இந்தத் தடவை பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை சதுர்த்தசி. அன்று நான் ஒன்றும் சாப்பிடப் போவதில்லை. உன் மதத்தில் சேர்வதாக நினைத்துக்கொள்ளாதே, எனக்கு என் பெருமாள் போதும். ஐந்தரை மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். ஒன்பது மணிக்குப் பையன் வந்து, "சாப்ட்டாச்சாப்பா?" என்று கேட்பான். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ஆச்சுடா, தயிர் சாதம்" என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் முகம் காட்டிக்கொடுக்காது என்று உறுதி சொல்ல முடியாது. அது காட்டிக்கொடுக்கிறவரை ஒவ்வொரு சதுர்த்தசிக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன், அதற்கு உறுதி தருகிறேன்.

உன்னோடு பிறக்காமல், உன்னோடு உண்டு வளர்ந்த அண்ணன்,
சம்பத்து
சின்ன காஞ்சிபுரம்